கார்லோஸ் சாகஸ்: பூச்சியில் தொடங்கி நோயாளியைக் கண்டடைந்த ஆய்வு

கார்லோஸ் சாகஸ் (ஜூலை 9, 1878 – நவம்பர் 8, 1934) பிரேசில் நாட்டைச் சேர்ந்த மருத்துவர், ஒட்டுண்ணியியல் அறிஞர். மருத்துவ உலகம் அதுவரை அறிந்திராத ஒரு நோயை 1909ஆம் ஆண்டில் கண்டறிந்தவர். இலத்தீன் அமெரிக்க நாடுகளின் சிற்றூர்களில் பரவியிருந்த அந்நோய் இன்று அவர் பெயராலேயே 'சாகஸ் நோய்' என்று வழங்கப்படுகிறது. நோயைப் பரப்பும் பூச்சி, நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி, அந்த ஒட்டுண்ணியைத் தாங்கி நிற்கும் விலங்கு, நோயுற்ற மனிதர் ஆகிய அனைத்தையும் ஒரே ஆய்வாளர் கண்டு விளக்கியது மருத்துவ வரலாற்றில் மிக அரிதான நிகழ்வாகும்.

ஒரு தொற்றுநோயை அறியும் வழி பொதுவாக நோயாளியிடமிருந்து தொடங்குகிறது. மலேரியாவை எடுத்துக்கொள்ளலாம். குளிரும் காய்ச்சலும் மாறி மாறி வருவதை மக்கள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். அதன் ஒட்டுண்ணியை 1880இல் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் நோயாளியின் இரத்தத்தில் கண்டார். அவ்வொட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார். முதலில் நோய், பிறகு கிருமி, இறுதியில் அதைப் பரப்பும் பூச்சி என்பதே அந்த வரிசை. சாகஸின் ஆய்வு இதற்கு நேர்மாறாக நடந்தது. முதலில் பூச்சியைக் கண்டார். அதனுள் ஒட்டுண்ணியைக் கண்டார். அதன் பின்னரே நோயாளியைத் தேடிச் சென்றார். அவருக்குப் புகழைத் தந்ததும், பின்னாளில் அவரது கண்டுபிடிப்பையே ஐயத்துக்கு உள்ளாக்கியதும் இந்தத் தலைகீழ் வரிசைதான்.

இளமையும் கல்வியும்

பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் உள்ள ஒலிவேரா என்ற ஊருக்கு அருகே, காபி பயிரிடும் குடும்பத்தில் சாகஸ் பிறந்தார். அவருக்கு நான்கு வயதானபோது தந்தை இறந்துவிட்டார். தாயே பண்ணையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். மகன் சுரங்கப் பொறியாளராக வேண்டும் என்பது தாயின் விருப்பம். ஆனால் மருத்துவராக இருந்த தாய்மாமனின் செல்வாக்கால் மகனின் மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. 1897இல் ரியோ டி ஜெனிரோ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்காலத்தில் ரியோ நகரம் மஞ்சள் காய்ச்சல், பெரியம்மை, பிளேக் ஆகிய நோய்களுக்குப் பெயர்போன துறைமுகமாக இருந்தது. பிளேக் நோய்க்கான மருந்து தயாரிப்பதற்காக 1900இல் நகரின் புறத்தே மங்கின்யோஸ் என்னுமிடத்தில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பயின்று வந்த ஓஸ்வால்டோ குரூஸ் அதன் இயக்குநரானார். பட்டத்திற்கான ஆய்வேட்டை எழுத இடம் தேடிய சாகஸ், குரூஸைச் சந்தித்து அங்கேயே பணியாற்றினார். மலேரியாவில் இரத்தம் அடையும் மாற்றங்களைப் பற்றிய அந்த ஆய்வேட்டை 1903இல் முடித்தார். இச்சந்திப்பு இருவருக்கும் இடையே வாழ்நாள் நட்பாக வளர்ந்தது. 1908இல் அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஓஸ்வால்டோ குரூஸ் நிலையம் என்றே பெயரிடப்பட்டது.

மலேரியாத் தடுப்புப் பணி

பட்டம் பெற்றபின் ஆய்வுக்கூடத்தில் தங்காமல், நோயாளிகளைக் கவனிக்கும் பணியையே சாகஸ் விரும்பி ஏற்றார். அவரை மீண்டும் ஆய்வின் பக்கம் இழுத்தது மலேரியாவே.

1905இல் சாவோ பாவ்லோ மாநிலத்தின் இடாடிங்கா என்னுமிடத்தில், சாந்தோஸ் துறைமுக நிறுவனம் நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் மலேரியாவால் விழுந்ததால் வேலை நின்றுபோனது. நோயைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு சாகஸிடம் ஒப்படைக்கப்பட்டது. நீர் தேங்கும் இடங்களை அழித்து, கொசு முட்டையிடுவதைத் தடுப்பதே அன்றைய முறை. காடும் சதுப்பும் சூழ்ந்த இடத்தில் அது நடவாத காரியம். சாகஸ் வேறொன்றைக் கவனித்தார். தொழிலாளர்கள் பெரும்பாலும் இரவில், தாம் உறங்கும் கூரையின் கீழேயே கடிபடுகின்றனர். இரத்தம் குடித்த கொசுவும் வீட்டுக்குள்ளேயே சுவரில் அமர்ந்திருக்கிறது. எனவே வீடுகளை அடைத்துப் புகையிட்டு, உள்ளிருக்கும் கொசுக்களைக் கொல்லச் செய்தார். சில மாதங்களில் நோய் அடங்கியது.

மலேரியா வீட்டுக்குள் தொற்றும் நோய் என்ற இக்கருத்தைப் பின்னர் அவர் கட்டுரைகளாகவும் வெளியிட்டார். வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்தைத் தெளிக்கும் முறை 1940களில் உலகெங்கும் பரவியபோது, அதன் அடிப்படையும் இதுவாகவே இருந்தது. நோயைப் புரிந்துகொள்ள வீட்டைப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தைச் சாகஸ் இங்கேதான் கற்றார்.

லசான்ஸ் ஊரின் இரயில் பெட்டி

1907இல் பிரேசில் மத்திய இரயில்வே தன் பாதையை மினாஸ் ஜெராயிஸின் வடபகுதிக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அங்கும் மலேரியாவால் வேலை தடைப்பட்டது. குரூஸ் தம் மாணவரான சாகஸை அங்கே அனுப்பினார். அரசு சுகாதார மருத்துவரான பெலிசாரியோ பென்னாவும் உடன் சென்றார்.

லசான்ஸ் என்ற சிற்றூரில் இருவரும் தங்கினர். அங்கே மருத்துவமனையோ ஆய்வுக்கூடமோ இல்லை. நிறுத்திவைக்கப்பட்ட ஓர் இரயில் பெட்டியே சாகஸுக்கு வீடு, மருந்தகம், ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றுமாயிற்று. தொழிலாளர்களும் ஊர்மக்களும் அங்கே வந்து மருத்துவம் பார்த்துக்கொண்டனர். வந்தவர்களில் சிலருக்கு இருந்த குறிகள் மலேரியாவுக்கோ அவர் அறிந்த வேறு நோய்களுக்கோ பொருந்தவில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருந்தது. நல்ல உடல்வாகுள்ளவர்கள் திடீரென இறந்தனர். காரணம் விளங்கவில்லை.

ஓய்வு நேரத்தில் சாகஸ் அப்பகுதி விலங்குகளின் இரத்தத்தையும் ஆராய்ந்தார். மார்மோசெட் எனப்படும் சிறு குரங்கின் இரத்தத்தில், கசையிழை கொண்டு நீந்தும் ஒருசெல் உயிரி ஒன்றை 1908இல் கண்டு, டிரிப்பனோசோமா மினாசென்சே என்று பெயரிட்டார். டிரிப்பனோசோமா என்பது அப்போது ஆய்வாளர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்த உயிரினம். ஆப்பிரிக்காவில் உறக்க நோயை உண்டாக்குவது இவ்வினம் என்பதும், அதைச் செட்சே ஈ பரப்புகிறது என்பதும் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெரியவந்திருந்தன. குரங்கில் கண்டது தீங்கற்ற இனம். எனினும் அடுத்து வந்த கண்டுபிடிப்புக்கு அது அவரை ஆயத்தப்படுத்தியது.

'நாவிதர்' பூச்சி

இரயில் பாதைப் பணிக்குத் தலைமை தாங்கிய பொறியாளர் கான்டாரினோ மோட்டா, ஊர்ப்புற வீடுகளில் பெருகியிருந்த ஒரு பூச்சியைப் பற்றிச் சாகஸிடம் கூறினார். மூட்டைப்பூச்சியைப் போல இரத்தம் குடித்து வாழ்வது, ஆனால் அதைவிடப் பலமடங்கு பெரியது, இறக்கையும் உண்டு. பகலெல்லாம் சுவரின் வெடிப்புகளிலும் கூரையிலும் மறைந்திருக்கும். விளக்கை அணைத்ததும் வெளிவந்து, உறங்குபவரைக் கடிக்கும். போர்வைக்கு வெளியே தெரிவது முகம்தான் என்பதால் பெரும்பாலும் முகத்திலேயே கடித்தது. அதனால் மக்கள் அதற்கு 'பார்பேரோ', அதாவது நாவிதர் என்று பெயரிட்டிருந்தனர்.

அப்பகுதி ஏழைகளின் வீடுகள் கழிகளை வரிந்து கட்டி, மண்ணை அப்பி, மேலே புல் வேய்ந்தவை. மண் காய்ந்ததும் சுவர் வெடிக்கும். பூசி மெழுகப்படாத அந்த வெடிப்புகளே பூச்சியின் இருப்பிடம். வசதியுள்ளவர்களின் பூச்சுச் சுவர் வீடுகளில் அது குடியேறவில்லை.

இரத்தம் குடிக்கும் பூச்சி நோயையும் பரப்பக்கூடும் என்று கருதிய சாகஸ், பூச்சிகளைப் பிடித்து அவற்றின் குடலை நுண்ணோக்கியில் பார்த்தார். பின்குடலில் கசையிழை உயிரிகள் மிகுதியாக இருந்தன. அவை பூச்சிக்கே உரிய தீங்கற்ற உயிரிகளா, அல்லது ஏதேனும் ஒரு பாலூட்டியின் இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணியின் ஒரு பருவமா என்பதே கேள்வி. இதை லசான்ஸில் சோதிக்க முடியாது. அங்குள்ள குரங்குகளின் இரத்தத்தில் ஏற்கெனவே வேறொரு டிரிப்பனோசோமா இருந்தது. எனவே பூச்சிகளை ரியோவில் இருந்த குரூஸுக்கு அனுப்பினார்.

குரங்கிலிருந்து குழந்தைக்கு

ஆய்வுக்கூடத்தில் இருந்த தொற்றற்ற மார்மோசெட் குரங்குகளைக் குரூஸ் அந்தப் பூச்சிகள் கடிக்கும்படி விட்டார். சில வாரங்களில் ஒரு குரங்கு நோயுற்றது. அதன் இரத்தத்தில் டிரிப்பனோசோமா காணப்பட்டது. செய்தி அறிந்து ரியோவுக்கு விரைந்த சாகஸ், அது தாம் முன்பு கண்ட இனமன்று, முற்றிலும் புதியது என்று உறுதிசெய்தார். தம் ஆசிரியரின் பெயரால் அதற்கு டிரிப்பனோசோமா குரூசி என்று பெயர் சூட்டினார். நாய், முயல், கினிப்பன்றி முதலிய விலங்குகளிலும் அது தொற்றுவதைக் காட்டினார். இக்கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்குறிப்பை 1908 டிசம்பரில் எழுதினார்.

பூச்சியும் ஒட்டுண்ணியும் தெரிந்துவிட்டன. இந்த ஒட்டுண்ணி மனிதரை நோயுறச் செய்கிறதா என்பது மட்டும் தெரியவில்லை. பூச்சி மனிதரின் வீட்டில், மனித இரத்தத்தைக் குடித்து வாழ்வதால், அவர்களிடமும் ஒட்டுண்ணி இருந்தாக வேண்டும் என்று சாகஸ் எண்ணினார். லசான்ஸுக்குத் திரும்பி, பூச்சி நிறைந்த வீடுகளில் வாழ்வோரின் இரத்தத்தையும் வீட்டு விலங்குகளின் இரத்தத்தையும் தொடர்ந்து சோதித்தார். முதலில் ஒரு பூனையின் இரத்தத்தில் ஒட்டுண்ணி தென்பட்டது.

1909 ஏப்ரல் 14 அன்று, காய்ச்சலுற்றிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் இரத்தத்தில் டிரிப்பனோசோமா குரூசியைச் சாகஸ் கண்டார். குழந்தையின் முகம் வீங்கியிருந்தது. கல்லீரலும் மண்ணீரலும் பெருத்திருந்தன. மருத்துவ வரலாற்றில் பெரனிசி என்ற பெயரால் அறியப்படும் அக்குழந்தையே இந்நோயின் முதல் நோயாளி. எட்டு நாட்கள் கழித்து, ஏப்ரல் 22 அன்று, தேசிய மருத்துவக் கழகத்தில் குரூஸ் இச்செய்தியைப் படித்து அறிவித்தார். சாகஸுக்கு அப்போது வயது 30.

நோயின் இயல்பு

இந்நோய்க்கு இரண்டு கட்டங்கள் உண்டு. தொற்று ஏற்பட்ட சில வாரங்கள் நீடிப்பது முதற்கட்டம். காய்ச்சல், வீக்கம் போன்ற குறிகள் தோன்றலாம். பலருக்கு எதுவும் தெரிவதே இல்லை. இரத்தத்தில் ஒட்டுண்ணி எளிதில் காணப்படுவது இக்கட்டத்தில்தான். பிறகு அது தசைகளுக்குள் சென்று மறைகிறது. திசுக்களின் செல்களுக்குள் அது பெருகும் விதத்தை, சாகஸின் உடன் பணியாளரான காஸ்பார் வியன்னா 1911இல் விளக்கினார்.

அடுத்த கட்டம் வாழ்நாள் முழுவதும் நீடிப்பது. தொற்றுடையவர்களில் பெரும்பாலோர் குறி எதுவும் இல்லாமலேயே வாழ்கின்றனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வரை, பல ஆண்டுகளுக்குப் பின் இதயப் பாதிப்புக்கு உள்ளாகின்றனர். இதயம் விரிவடைந்து வலுவிழக்கும்; துடிப்பு ஒழுங்கு தவறும்; திடீர் மரணமும் நேரலாம். சிலருக்கு உணவுக்குழாயும் பெருங்குடலும் விரிவடைந்து செயலிழக்கின்றன. குழந்தைப் பருவத்தில் நுழைந்த ஒட்டுண்ணி நடுத்தர வயதில் உயிரைப் பறிக்கும்போது, இரண்டுக்கும் உள்ள தொடர்பு எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. லசான்ஸில் சாகஸைக் குழப்பிய மரணங்களுக்கு இதுவே விளக்கம்.

பிழைகளும் திருத்தங்களும்

பெருங்கண்டுபிடிப்புடன் சில தவறான கருத்துகளும் சேர்ந்தே வெளிவந்தன. அவற்றுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது, ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி பற்றியது. சோதனை விலங்குகளின் நுரையீரலில் காணப்பட்ட சில உருண்டை வடிவங்களையும் ஒட்டுண்ணியின் ஒரு பருவமாகச் சாகஸ் கருதினார். அவை நியூமோசிஸ்டிஸ் என்னும் வேறோர் உயிரி என்று 1912இல் பாரிஸில் டெலனோவே தம்பதியர் காட்டினர். சாகஸும் அதை ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது, நோய் தொற்றும் வழி. கொசுவைப் போலவே இப்பூச்சியும் கடிக்கும்போது ஒட்டுண்ணியைச் செலுத்துகிறது என்று அவர் நம்பினார். உண்மையில் பூச்சி இரத்தம் குடித்தபின் தோலின்மேல் கழிவை இடுகிறது. ஒட்டுண்ணி இருப்பது அக்கழிவில்தான். கடிபட்டவர் சொறியும்போது அது காயத்தின் வழியாகவோ, கண், வாய் வழியாகவோ உடலுக்குள் நுழைகிறது. இதைப் பிரெஞ்சு அறிஞர் எமில் பிரம்ப்ட் 1912இல் எடுத்துரைத்தார். 1930களில் சாகஸின் மாணவரான இம்மானுவேல் டியாஸின் ஆய்வுகள் உறுதிசெய்தன.

மூன்றாவது பிழையே பெருங்கேட்டை விளைவித்தது. லசான்ஸ் பகுதி மக்களில் பலருக்கு முன்கழுத்துக் கழலை இருந்தது. பூச்சி நிறைந்த வீடுகளிலும் கழலையுள்ளோர் மிகுதி. ஆகவே கழலை இந்நோயின் நாட்பட்ட வடிவம் என்று சாகஸ் முடிவுசெய்தார். 'ஒட்டுண்ணித் தைராய்டு அழற்சி' என்றே நோய்க்கு ஒரு பெயரும் வழங்கிற்று. ஆனால் கழலைக்குக் காரணம் அயோடின் குறைபாடு. ஒரே ஊரில் ஒரே ஏழை மக்களிடம் இரண்டும் இருந்தனவே தவிர, ஒன்றிலிருந்து மற்றொன்று வரவில்லை.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பிற நோய்களில், நோயின் தோற்றம் முன்பே தெரிந்திருக்கும். அதற்குரிய கிருமியைத் தேட வேண்டும். இங்கே கிருமி முதலில் தெரிந்துவிட்டது. அது உண்டாக்கும் நோய் எப்படியிருக்கும் என்பதைத் தேட வேண்டியிருந்தது. நாட்பட்ட நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் காண்பதும் கடினம். அந்நிலையில் கண்ணுக்கு எளிதில் தெரிந்த கழலை நோயின் அடையாளமாகிவிட்டது.

1915இல் ஆர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் நுண்ணுயிரியல் நிலைய இயக்குநராக இருந்த ருடால்ஃப் கிரவுஸ் இதைச் சுட்டிக்காட்டினார். ஆர்ஜென்டினாவிலும் இப்பூச்சி உண்டு, ஒட்டுண்ணியும் உண்டு. ஆனால் சாகஸ் சொல்லும் கழலை நோயாளிகளைக் காணவில்லை என்றார். 1916இல் அந்நகரில் நடந்த மருத்துவ மாநாட்டில் சாகஸ் நேரில் விடையளித்தார். அதன்பின் கழலையை விடுத்து இதயப் பாதிப்பையே நோயின் முதன்மை அடையாளமாக வலியுறுத்தத் தொடங்கினார். யூரிகோ வில்லேலாவுடன் சேர்ந்து 1922இல் அவர் வெளியிட்ட இதய வடிவம் பற்றிய ஆய்வு இன்றும் மதிக்கப்படுகிறது. எனினும் கழலையின் நிழல் எளிதில் விலகவில்லை.

பொதுச் சுகாதாரப் பணி

சாகஸின் வாழ்க்கை ஆய்வோடு மட்டும் நிற்கவில்லை. 1912–13இல் அமேசான் ஆற்றுப் பகுதியில் பயணம் செய்து, இரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்களின் உடல்நிலையை ஆராய்ந்தார். 1917இல் குரூஸ் மறைந்ததும் அவரது நிலையத்தின் இயக்குநரானார். 1918இல் ரியோவில் ஸ்பானிய இன்ஃபுளுயன்சா பரவியபோது, தற்காலிக மருத்துவமனைகளை அமைத்து நோயாளிகளைக் கவனிக்கும் பணிக்குத் தலைமையேற்றார். 1920 முதல் 1926 வரை தேசியப் பொதுச் சுகாதாரத் துறையின் தலைவராக இருந்தார். ரியோவில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டதும் அக்காலத்தில்தான்.

அவரது நண்பரான பென்னா, ஊர்ப்புறங்களின் சுகாதாரத்தை அரசின் கடமையாக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். சாகஸ் நோய், மலேரியா, கொக்கிப்புழு ஆகிய மூன்றும் உழைக்கும் மக்களை உருக்குலைக்கின்றன என்பது அவ்வியக்கத்தின் வாதம். இதனால் ஓர் ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்பு அரசியல் கேள்வியாகவும் மாறியது. நோய் பரவலாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், இலட்சக்கணக்கான மண் வீடுகளைச் சீர்செய்யும் கடமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மருத்துவக் கழகத்தில் எழுந்த வழக்கு

1922இல் தேசிய மருத்துவக் கழகத்திலேயே சாகஸுக்கு எதிராகக் குரல் எழுந்தது. எதிர்ப்பாளர்களில் முதன்மையானவர் புகழ்பெற்ற மருத்துவரும் எழுத்தாளருமான அஃப்ரானியோ பெய்ஷோட்டோ. ஒரு சில நோயாளிகளை வைத்துக்கொண்டு நாடு முழுவதும் நோயுற்றிருப்பதாகச் சித்திரிப்பது பிரேசிலுக்கு இழிவு என்று கூறப்பட்டது. ஒட்டுண்ணியைக் கண்ட பெருமை குரூஸுக்கே உரியது என்ற பேச்சும் எழுந்தது. தம் மீதான குற்றச்சாட்டுகளை ஆராய வேண்டும் என்று சாகஸே கேட்டுக்கொள்ள, கழகம் ஒரு குழுவை அமைத்தது.

1923 டிசம்பரில் குழு தன் முடிவை அளித்தது. கண்டுபிடிப்பின் பெருமை சாகஸுக்கே உரியது என்பது உறுதிசெய்யப்பட்டது. நோய் எவ்வளவு பரவியுள்ளது என்ற கேள்விக்குத் தெளிவான விடை தரப்படவில்லை. உண்மையில் முக்கியமானது அந்தக் கேள்வியே. அது திறந்தே விடப்பட்டதால், நோய் சில ஊர்களுக்கு மட்டும் உரிய அபூர்வப் பொருளாகவே கருதப்பட்டது. அடுத்த பல ஆண்டுகள் அதைப் பற்றிய அக்கறை குன்றியது.

பரிசுகள்

1912இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருந்த வெப்பமண்டல நோய் நிலையம், ஒருசெல் உயிரி ஆய்வுக்கான ஷவுடின் பரிசைச் சாகஸுக்கு வழங்கியது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1921இல் மதிப்புறு பட்டம் அளித்தது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் 1913, 1921 ஆகிய ஆண்டுகளில் முறைப்படி முன்மொழியப்பட்டது. 1913இல் பரிசு பிரெஞ்சு அறிஞர் ஷார்ல் ரிஷேவுக்குக் கிடைத்தது. 1921இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு எவருக்குமே வழங்கப்படவில்லை. உள்நாட்டு எதிர்ப்பே இதற்குக் காரணம் என்று சிலர் எழுதியுள்ளனர். ஆனால் கழகத்தில் வழக்கு எழுந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மறைவுக்குப் பின் கிடைத்த தீர்ப்பு

சாகஸ் 1934 நவம்பர் 8 அன்று ரியோவில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 56. அவர் மகன்கள் எவான்ட்ரோ, கார்லோஸ் இருவரும் அறிவியல் துறையிலேயே புகழ்பெற்றனர்.

அவரது கண்டுபிடிப்பை மீட்டெடுத்தவர்களில் முதல்வர் ஆர்ஜென்டினாவின் சால்வடோர் மாஸ்ஸா. நாட்டின் வடகோடியில் உள்ள ஹுஹுய் மாநிலத்தில் தங்கி, ஊர் ஊராகச் சென்று நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கண்டறிந்தார். கிரவுஸ் 'இல்லை' என்று கூறிய அதே நாட்டில் நோய் இருந்தது தெளிவாயிற்று. 1935இல் செசிலியோ ரோமான்யா என்ற ஆர்ஜென்டின மருத்துவர், புதிதாகத் தொற்று ஏற்பட்டவர்களில் ஒரு கண்ணின் இமைகள் மட்டும் வீங்குவதை நோயின் அடையாளமாக விளக்கினார். சாகஸ் வாழ்நாள் முழுவதும் தேடிய எளிய அடையாளம் இதுதான். சிற்றூர் மருத்துவரும் கண்ணால் கண்டு ஐயுறக்கூடிய குறி கிடைத்ததும் நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியது.

1943இல் ஓஸ்வால்டோ குரூஸ் நிலையம், மினாஸ் ஜெராயிஸின் பாம்புயி என்ற ஊரில் இம்மானுவேல் டியாஸ் தலைமையில் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே இதய மின்வரைபடத்தைக் கொண்டு நாட்பட்ட இதய நோயின் இயல்பு நிறுவப்பட்டது. கழலை முற்றிலுமாக விலக்கப்பட்டது. வீட்டுச் சுவர்களில் பூச்சிக்கொல்லி தெளித்தால் பூச்சி ஒழிகிறது என்பதும் 1940களின் இறுதியில் நிரூபிக்கப்பட்டது. இடாடிங்காவில் கொசுவுக்கு எதிராக இளம் சாகஸ் கையாண்ட வழியே, அவர் பெயர் தாங்கிய நோய்க்கும் மருந்தாயிற்று.

முதல் நோயாளியான பெரனிசி எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தார். 1960களில் ஆய்வாளர்கள் அவரைத் தேடிக் கண்டு சோதித்தபோது, அவர் உடலில் ஒட்டுண்ணி இன்னும் இருப்பது தெரிந்தது. ஆயினும் கடுமையான இதய நோய் அவருக்கு வரவில்லை. தொற்றுடைய அனைவரும் நோயுறுவதில்லை என்பதற்கு அவரே சான்று.

இன்றைய நிலை

தென் அமெரிக்காவின் தென்பகுதி நாடுகள் 1991இல் கூட்டாகத் தொடங்கிய பூச்சி ஒழிப்புத் திட்டம் பெரும்பயன் தந்தது. டிரையடோமா இன்பெஸ்டான்ஸ் என்ற முதன்மைப் பூச்சி இனத்தின் வழியாக நோய் பரவுவது பிரேசிலில் நின்றுவிட்டதாக 2006இல் சான்றளிக்கப்பட்டது. இரத்த தானத்தின்போது சோதனை செய்வது அவ்வழித் தொற்றையும் குறைத்துள்ளது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதும், பூச்சிக்கழிவு கலந்த சாறு, உணவு வழியாகத் தொற்றுவதும் இன்னும் தொடர்கின்றன.

உலகில் சுமார் 70 இலட்சம் பேருக்கு இத்தொற்று இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் தமக்குத் தொற்று இருப்பதை அறியாதவர்கள். பயன்பாட்டில் உள்ள நிஃபர்டிமாக்ஸ், பென்ஸ்நிடசோல் ஆகிய இரு மருந்துகளும் அரை நூற்றாண்டுக்கு முற்பட்டவை. தொற்றின் தொடக்கத்தில் கொடுத்தால் நன்கு பயனளிக்கும். இதயம் கெட்டபின் கொடுப்பதால் பயன் குறைவு. எனவே முன்கூட்டியே கண்டறிவதுதான் இன்றும் முதல் தேவை. முதல் நோயாளியைச் சாகஸ் கண்ட ஏப்ரல் 14, 2020ஆம் ஆண்டு முதல் உலகச் சாகஸ் நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

முடிவுரை

சாகஸ் இந்நோயை உருவாக்கி உலகுக்குத் தந்தவர் அல்லர்; அது அவருக்கு முன்பும் இருந்தது. தென் அமெரிக்கக் கடற்கரைப் பாலைவனத்தில் கிடைத்த 9,000 ஆண்டுகள் பழமையான பதப்பட்ட உடல்களிலும் இந்த ஒட்டுண்ணியின் மரபணுச் சுவடுகள் உள்ளன. அவ்வளவு பழமையான நோய் பெயரின்றிக் கிடந்ததற்குக் காரணம், அது தாக்கிய மக்கள் மருத்துவர்களின் பார்வைக்கு எட்டாத இடத்தில் வாழ்ந்ததே. நோயாளிகள் மருத்துவமனைக்கு வரும்வரை காத்திருந்தால் இந்நோய் இன்னும் பல ஆண்டுகள் அறியப்படாமல் இருந்திருக்கக்கூடும். ஒரு மண் சுவரின் வெடிப்பிலிருந்த பூச்சியைச் சாகஸ் பொருட்படுத்தியதால்தான் அது வெளிப்பட்டது. அவர் சொன்னவற்றில் சில தவறாயின. பின்வந்தோர் அவற்றைத் திருத்தினர். அந்த வீடுகளில் ஒரு நோய் இருக்கிறது என்று அவர் சொன்னது மட்டும் இறுதிவரை நின்றது.